நைட் டியூட்டியில் 20 நிமிஷத் தூக்கம்: சரியா, தப்பா?

புது ஸ்டாஃப் (நர்ஸ்): அடுத்த வாரம் மெடிக்கல் ஐசியூல நைட், ராத்திரி 8 முதல் காலை 8. நடுவுல 20 நிமிஷம் படுக்கலாம்னு சிலர் சொல்றாங்க, கூடவே கூடாதுன்னு சிலர். எதைக் கேக்கறது?

வார்டு இன்சார்ஜ்: கூடாது. தூக்கத்தை வீட்டிலேயே முடித்துவிட்டு வர வேண்டும். காலை 6 மணிக்கு எழுந்து, பகலெல்லாம் அலைந்துவிட்டு டியூட்டிக்கு வந்தால் ராத்திரி 11-க்கே விழித்து 17 மணி நேரம். அப்போது கையும் மூளையும் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரைப் போலத் தடுமாறும் என்று 1997-லேயே ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட வரம்பே 0.03. முதல் நைட்டுக்கு மதியம் 3 முதல் 4.30 வரை இருட்டறையில் தூங்கிவிட்டு வாருங்கள்.

ஐசியூ பிரதர்: மதியத் தூக்கம் வேணும்தான் மேடம். ஆனா உடம்புச் சூடு ரொம்ப இறங்கறது விடியக்காலை 4, 5 மணிக்கு. மதியம் தூங்கினவங்களுக்கும் அப்ப கண் சொக்கும். சேர்ல உக்காந்தபடி யாருக்கும் தெரியாம சொக்கறதுதான் ஆபத்து. 2 மணிக்குப் பக்கத்து ஸ்டாஃப்கிட்ட பெட்டை ஒப்படைச்சுட்டுப் படுங்க. அதுக்கு முன்னாடி நார்அட்ரினலின் சிரிஞ்சைப் பாருங்க. மணிக்கு 5 மி.லி. ஓடுது, மிச்சமும் 5 மி.லி.தான்னா, அடுத்த சிரிஞ்சை லோட் பண்ணி லேபிள் ஒட்டிட்டுத்தான் நகரணும். அது நின்னா நிமிஷக் கணக்குல பிபி சரியும். சக்‌ஷன் (சளி உறிஞ்சறது), ஜிஆர்பிஎஸ் (விரல் நுனியில பார்க்கற சர்க்கரை டெஸ்ட்) முடிச்சுடுங்க. காபி குடிச்ச உடனே படுங்க; அது வேலை செய்ய 20, 30 நிமிஷம் ஆகும்.

வார்டு இன்சார்ஜ்: எழுந்ததும் வரும் மந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. 20 நிமிஷம் 45 ஆனால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியிருக்கும். அடுத்த அரை மணிக்குக் கணக்கு ஓடாது. இன்ஃப்யூஷனுக்கு 50 யூனிட் இன்சுலின் என்றால் மி.லி.க்கு 40 யூனிட் உள்ள வயலில் 1.25 மி.லி., 100 யூனிட் உள்ள வயலில் 0.5 மி.லி. 40 வயலுக்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 வயலை எடுத்து, கோட்டைப் பார்த்து நிரப்பினால் இரண்டரை மடங்கு மருந்து போகும். தெளிவாக இருப்பவரே தவறவிடும் இடம் இது.

ஐசியூ பிரதர்: அதான் அலாரத்தை மட்டும் நம்பாம ஒருத்தர் வந்து எழுப்பணும். முகம் கழுவிட்டு முதல் அரை மணி மருந்து கலக்கவே வேண்டாம். யூரின் அளவு, பொசிஷன் மாத்தறதுன்னு பாருங்க. இன்சுலின், பொட்டாசியம், ஹெப்பாரின் மூணும் எந்த நேரத்துலயும் ரெண்டு பேர் பார்த்துத்தான் போகணும்.

ஜெனரல் வார்டு சிஸ்டர்: 30 பெட்டுக்கு ஒரே ஸ்டாஃப் நிக்கற வார்டுல யார்கிட்ட ஒப்படைக்கறது பிரதர்? அங்க எழுந்து நடக்கறதுதான் வழி. 12 மணிக்கு ரெண்டு இட்லியோ சுண்டலோ போதும். 2 மணிக்கு பரோட்டா வேண்டாம். ஒரே சாப்பாட்டுக்குப் பகலைவிட ராத்திரி சர்க்கரை அதிகமா ஏறும், நெஞ்செரிச்சலும் சேரும். காபியும் 2 மணியோட நிறுத்துங்க. அதுல பாதி இறங்கவே அஞ்சு மணி நேரம் ஆகும், காலை 9-க்கு தூக்கம் வராது.

வார்டு இன்சார்ஜ்: மாற்று ஆள் இருந்து, யார் எந்த பெட்டைப் பார்க்கிறார் என்று எழுதியும் வைத்தால் ஐசியூவில் மறுக்க மாட்டேன். தனி ஆள் வார்டில் அனுமதி இல்லை. புது ஸ்டாஃப், காலையில் டூவீலர் எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள்.