மின் மருத்துவப் பதிவு: சின்ன கிளினிக்குக்கும் சட்டப்படி கட்டாயமாக்கலாமா?

மஞ்சப்பை:
அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை, இதயம் இரண்டும் உண்டு. திருநெல்வேலியில் ஒரே டாக்டரிடம் வருடக்கணக்கில் பார்த்துவந்தவரை, போன வருடம் சென்னைக்கு என்னோடு கூட்டிவந்தேன். அவருடைய மருத்துவ வரலாறு முழுவதும் ஒரு மஞ்சப்பைக்குள்தான் இருந்தது.

ஒரு நாள் நள்ளிரவில் காய்ச்சலோடு அவசரப் பிரிவுக்கு ஓடினோம். "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். அப்பா அரை மயக்கத்தில் இருந்தார். எனக்குத் தெரிந்தவரை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. நல்ல வேளை, அங்கேயே சரிசெய்தார்கள்.

மறுநாள் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். 2017 டிஸ்சார்ஜ் சம்மரியின் நாலாம் பக்கத்தில், பேனாவால் ஒரு வரி: பென்சிலின் ஒவ்வாமை. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த மூன்று ஈசிஜி தாள்களும் வெளுத்து வெள்ளைக் காகிதமாகியிருந்தன.

மின் மருத்துவப் பதிவுக்கான, அதாவது நோயாளி விவரங்களைக் கணினியில் எப்படி வைக்கவேண்டும் என்பதற்கான தர வரையறையை மத்திய சுகாதார அமைச்சகம் 2013லேயே வெளியிட்டது. 2016ல் திருத்தியும் தந்தது. அதன்பின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க ஆபா எண் எல்லாம் வந்தன. ஆனாலும் எங்கள் வீட்டில் பைதான். பெரிய மருத்துவமனையோ தெருமுனை கிளினிக்கோ, தரப்படி மின் பதிவு வைக்காவிட்டால் உரிமம் இல்லை என்று சட்டம் போட வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாலைநேர_ஓபி:
உங்கள் அப்பா நலமாக இருப்பது கேட்டு நிம்மதி. ஆனால் நீங்கள் கேட்கும் சட்டத்தை நான் எதிர்க்கிறேன்.

தாலுகா ஊரில் கிளினிக் வைத்திருக்கிறேன். மாலை ஐந்திலிருந்து ஒன்பதரைக்குள் அறுபது, அறுபத்தைந்து பேர். ஆளுக்கு நாலு நிமிடம். உதவிக்கு ஒரே ஒரு பெண். அந்த நாலு நிமிடத்தில் வயிற்றை அழுத்திப் பார்க்கவேண்டும், நாக்கைப் பார்க்கவேண்டும், மருமகள் வெளியே போனதும் பாட்டி மெதுவாகச் சொல்வதைக் கேட்கவேண்டும். இதற்கு நடுவில் திரையில் நோய்க் குறியீடு தேடினால் அவர்கள் முகத்தை எப்போது பார்ப்பது? மருத்துவர் நோயாளியோடு செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகிறது என்று 2016ல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது. அங்கே அரசு மானியம் கொடுத்துக் கொண்டுவந்த மாற்றத்துக்கே அந்த நிலை.

இன்னொன்று. நீங்கள் கேட்கிற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் விதிகளில், பதிவு பெறுவதற்கான நிபந்தனைகளில் ஒன்றே மின் பதிவு வைப்பதுதான். தமிழ்நாடு அதில் சேரவில்லை. நமக்கு 1997ஆம் ஆண்டின் சொந்தச் சட்டம் இருக்கிறது. சேர்ந்த மாநிலங்களில் மட்டும் மஞ்சப்பை ஒழிந்துவிட்டதா?

உங்கள் அப்பா கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

நுண்ணோக்கி:
சிவப்பு மை போதாது டாக்டர். நான் லேப் டெக்னீஷியன், பதினெட்டு வருட அனுபவம்.

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் அங்கே எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்தார். சாப்பாட்டுக்கு முந்தைய சர்க்கரை 7.2 என்று இருந்தது. வீட்டில் எல்லோரும் அதை மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) என்று நினைத்துவிட்டார்கள். அது அங்கே பயன்படுத்தும் மில்லிமோல் அலகு. 18ஆல் பெருக்கினால் நம்மூர் மில்லிகிராம் கணக்கில் 130. மூன்று மாதச் சராசரி 7.2 என்றால் அது வேறு கதை, மருந்தின் அளவே மாறும். எண் ஒன்றுதான், பொருள்தான் வேறு.

தர வரையறை எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். லேப் பரிசோதனைகளுக்கான லாயிங்க் என்ற சர்வதேசக் குறியீட்டில் மூன்று மாதச் சராசரிக்கு 4548-4 என்று தனி எண் இருக்கிறது. அந்த எண்ணும் அலகும் சேர்ந்து போனால், எந்த ஊர்க் கணினியும் இரண்டையும் குழப்பிக்கொள்ளாது. எங்கள் கருவியிலிருந்து முடிவு கணினி வழியாகத்தான் வருகிறது. அதைக் காகிதத்தில் அச்சடித்து, நோயாளி அதைப் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, டாக்டர் அதைப் பெரிதாக்கிப் படிக்கிறார். நடுவில் ஒரு புள்ளி மங்கினாலும் போச்சு.

மாலைநேர_ஓபி:
லேபுக்குக் கட்டாயமாக்குங்கள், ஒப்புக்கொள்கிறேன். அங்கே தரவு பிறக்கும்போதே கணினியில் பிறக்கிறது. என் அறையில் அது ஒரு மனிதரின் வாயிலிருந்து வருகிறது. நான் சொல்லும் வித்தியாசம் அவ்வளவுதான்.

கறுப்பங்கி:
வக்கீலாக ஒரு வேறு கவலை. வேகமாகக் கட்டாயமாக்கச் சொல்கிறீர்கள். பூட்டு எங்கே?

போன மாதம் அம்மாவோடு ஒரு மருத்துவமனை வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் ஒவ்வொருவரிடமும் "போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்று கேட்டு, ஆபா எண்ணுக்காகத் தட்டிக்கொண்டே போனார். முன்னால் நின்ற மூதாட்டி போனை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டார். எதற்கு ஒப்புதல் தருகிறோம் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. ஆபா எண் விருப்பத்தின் பேரில்தான் என்று கொள்கை சொல்கிறது. அந்த வரிசையில் யாருடைய விருப்பத்தையும் யாரும் கேட்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். சுகாதாரத் தரவுக்கென்றே திஷா என்று ஒரு வரைவுச் சட்டம் 2018ல் வந்தது. அது சட்டமாகவே ஆகவில்லை. 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் மருத்துவப் பதிவை அந்தரங்கமான (சென்சிட்டிவ்) தனிநபர் தரவு என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தன. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படித் தனிப் பிரிவே கிடையாது. என் மனநல மருந்துச் சீட்டும் என் வீட்டு முகவரியும் அதன் பார்வையில் ஒரே வகை. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது, சரி. ஆனால் விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் வேறு.

மஞ்சப்பை:
காகிதம் மட்டும் பாதுகாப்பாகவா இருக்கிறது? கடற்கரையில் சுண்டல் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் லேப் ரிப்போர்ட். பெயர், வயது, கர்ப்பப் பரிசோதனை முடிவு எல்லாம் எண்ணெய்க் கறையோடு தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பெண்ணிடம் யார் ஒப்புதல் கேட்டார்கள்?

கறுப்பங்கி:
மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அது ஒரு தாள், ஒரு பெண். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ஹேக்கர்கள் தாக்கியபோது, அவ்வளவு பெரிய மருத்துவமனையே நாட்கணக்கில் கையால் எழுதித்தான் ஓட்டியது. 2018ல் சிங்கப்பூரில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் ஒரே தாக்குதலில் போனது, பிரதமர் உட்பட. எய்ம்ஸுக்கும் சிங்கப்பூருக்கும் அந்தக் கதி என்றால், ஒரே ஒரு உதவியாளரை வைத்திருக்கும் டாக்டரின் கணினியை யார் காப்பது?

தரவுத்தறி:
பத்து வருடமாக மருத்துவமனை மென்பொருள் எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் டாக்டரையும் நோயாளியையும் சுற்றியே பேசுகிறீர்கள். மென்பொருள் விற்கிறவரை யாரும் தொடவில்லை.

ஒரு நடுத்தர மருத்துவமனை, பழைய மென்பொருளை விட்டு எங்களிடம் வந்தது. ஆறு வருடப் பதிவுகளைக் கேட்டோம். முதலில் பணம் கேட்டார்கள். பிறகு வந்தது பல்லாயிரம் பிடிஎஃப் கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வெறும் எண். எந்த எண் எந்த நோயாளி என்ற பட்டியல் வரவே இல்லை. அந்த டாக்டர்கள் ஆறு வருடம் ஒழுங்காகத் தட்டச்சு செய்தவர்கள். என்ன பயன்?

தேசியத் திட்டத்தில் பரிமாற்றத்துக்கு எஃப்எச்ஐஆர் என்ற வடிவம் இருக்கிறது, நல்ல வடிவம். ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை அந்த உறைக்குள் போட்டு அனுப்பினாலும் கணக்கில் சேரும். இணைந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் பென்சிலின் ஒவ்வாமையை எந்தக் கணினியும் படித்து எச்சரிக்காது. மஞ்சப்பையைப் போட்டோ எடுத்து வைத்த மாதிரிதான். மருத்துவச் சொற்களுக்கான ஸ்னோமெட் சி.டி. தொகுப்பை இந்தியாவில் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். விலை ஒரு சாக்கே இல்லை.

அமெரிக்கா 2016ல் போட்ட சட்டத்தில், தகவலைத் தடுத்து வைப்பதற்கே தடை போட்டது. மென்பொருள் விற்பவருக்கும் அது பொருந்தும். நாமும் அங்கேதான் கை வைக்கவேண்டும். பதிவை முழுதாக, குறியீட்டோடு வெளியே எடுக்க முடியாத மென்பொருளை இந்தியாவில் விற்கக்கூடாது. டாக்டருக்கு அபராதம் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

மாலைநேர_ஓபி:
இதை முழு மனதோடு ஏற்கிறேன். மென்பொருள் வாங்க இரண்டு முறை போய்த் திரும்பிவந்ததற்குக் காரணமே, நாளைக்கு விட்டு வெளியே வர முடியுமா என்ற பயம்தான். நாலு விவரங்களை மட்டும் கேளுங்கள்: ஒவ்வாமை, இப்போது சாப்பிடும் மருந்து, நாட்பட்ட நோய்கள், செய்த அறுவை சிகிச்சைகள். சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஒருமுறை ஏற்றிவிட்டு, மாறும்போது திருத்தினால் போதும். இருமலுக்கு வந்தவருக்கும் முழுப் படிவம் நிரப்பு என்றால் முடியாது. உரிமத்தோடு கட்டிப்போட்டால் எங்கள் ஊரில் இருக்கும் மூன்று கிளினிக்கில் ஒன்று மூடிவிடும்.

கறுப்பங்கி:
அந்த நாலு விவரங்களிலும் ஒரு சிக்கல். தேசியத் திட்டத்தில் ஒப்புதல் கொடுக்கும்போது எந்த வகைப் பதிவு, எந்தக் காலம், எத்தனை நாளுக்கு என்று வரையறுக்கலாம், பின்னர் திரும்பப் பெறவும் செய்யலாம். அதை நானே பாராட்டுவேன். ஆனால் மருந்துப் பட்டியலில் ஒரு மனநல மாத்திரையின் பெயர் இருந்தால் போதும், மறைக்க நினைத்தது தெரிந்துவிடும். மருந்துப் பட்டியலில் தனித்தனி வரியை மறைக்கும் உரிமை நோயாளிக்கு வேண்டும்.

மஞ்சப்பை, உங்களுக்கு உடனே பயன்படும் ஒன்று: 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவைத் தரவேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

மஞ்சப்பை:
கேட்டேன். 2017ல் அப்பா படுத்திருந்த மருத்துவமனைக்கு அவர் கையெழுத்தோடு கடிதம் அனுப்பினேன். இன்று பதில் வந்தது: மூன்று வருடத்துக்கு மேலான உள்நோயாளிக் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன.

கறுப்பங்கி:
அவர்கள் விதியை மீறவில்லை. அதே 2002 விதிகள், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்கின்றன. அந்த நபர் உயிரோடு இருக்கும்வரை பதிவை அழிக்கவே கூடாது என்று 2016 தர வரையறை சொல்கிறது. ஆனால் அது வழிகாட்டிதான். மீறினால் தண்டனை இல்லை.

மஞ்சப்பை:
அப்படியானால் என் கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன். சின்ன கிளினிக் டாக்டர் நாலு விவரங்களை மட்டும் வைத்திருக்கட்டும். படுக்கை வசதி உள்ள எந்த மருத்துவமனைக்கும் விலக்கு வேண்டாம்: மூன்று வருடம் என்பதை எடுத்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் என்ற அந்த வரியை விதியிலேயே ஏற்றட்டும், தண்டனையோடு.

இப்போதைக்கு 2017 சம்மரியின் நாலாம் பக்கம் ஒன்றே ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது. அதை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை அப்பாவின் மாத்திரை டப்பா மூடிக்குள் ஒட்டிவிட்டேன். தரவுத்தறி, மற்ற தாள்களை எந்த வடிவத்தில் ஏற்றிவைத்தால் பத்து வருடம் கழித்தும் திறக்கும் என்று சொல்லுங்கள், இந்த வாரமே உட்காருகிறேன்.