எஸ்தோனிய நகர நாவலில் ஆக்கிரமிப்பை எங்கே தேடுவது?

ஈரோட்டு வாசகர்:
எங்க வாசகர் வட்டத்துல அடுத்த மாசம் எஸ்தோனிய நகர நாவல் எடுக்கிறோமுங்க. சோவியத் காலத்துல எழுதினதுல ஆக்கிரமிப்புங்கிற சொல்லே காணோம். எதை வெச்சுப் பிடிக்கிறதுங்க?

கோவை:
முதல்ல வருஷங்களைக் குறிச்சுக்குங்க. எஸ்தோனியாவை 1940-ல சோவியத் பிடிச்சுது, 1941-ல ஜெர்மனி, 1944-ல மறுபடி சோவியத். அது 1991 வரைக்கும். எழுதின வருஷம் வேற, கதை நடக்கிற வருஷம் வேற. ரெண்டையும் குழப்பிக்கிட்டா எல்லாமே தப்பாப் போயிருமுங்க. தணிக்கை இருந்ததால மனுசன் பேசாததைக் கட்டடம் பேசும். எஸ்தோனிய எழுத்தாளர் மாத்தி உந்த் 1979-ல வெளியிட்ட நாவல், தலைநகரம் தல்லினோட முஸ்தமாயே அடுக்குமாடிப் பகுதியில நடக்குது. ஒரே அச்சுல வார்த்த வீடுக, பக்கத்துல இருந்தும் ஒட்டாத ஆளுக. நம்மூரு ஹவுசிங் போர்டுன்னு நினைச்சுப் படிச்சா பாதி விட்டுப்போகும். சோவியத்தோட மத்த பகுதிகள்ல இருந்து வந்து குடியேறினவங்க கதையும் அந்தக் கான்கிரீட்டுக்குள்ள இருக்குது.

பவானி:
இடப்பேரை விட்டுறாதீங்க. தல்லின் சுதந்திரச் சதுக்கத்தை 1948-ல வெற்றிச் சதுக்கம்னு மாத்தினாங்க, 1989-ல பழைய பேர் திரும்புச்சு. பாத்திரம் எந்தப் பேரைச் சொல்லுதுன்னு பென்சில்ல கோடு போடுங்க. மொழிபெயர்ப்புல ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா அந்தத் தடயமே அழிஞ்சிரும்.

ஈரோட்டு வாசகர்:
நாட்டை விட்டுப் போனவங்க எழுத்து?

கோவை:
அது தனிங்க. எஸ்தோனிய எழுத்தாளர் கார்ல் ரிஸ்திகிவி தல்லின் நாவல் வரிசையை 1938-ல ஆரம்பிச்சார். பின்னால ஸ்வீடன்ல அகதி. 1944 மார்ச் 9 சோவியத் குண்டுவீச்சுல தல்லினோட ஹர்யு தெரு இடிஞ்சுது. வெளியே இருந்தவங்க அதை நேரா எழுதலாம், உள்ளே இருந்தவங்களுக்கு முடியாது. ஒரே தெருவைப் பத்தி ரெண்டு பக்கத்து எழுத்தையும் வெச்சுப் படிங்க.