கிளாஸ்கோ கிங் டட்ஸ் போனவங்க இருக்கீங்களா?

வைகைக்கரை: படிக்க வந்து கிளாஸ்கோவுல இருக்கேன். செயின்ட் வின்சென்ட் தெருவுல இருக்கிற கிங் டட்ஸ்ங்கிற சின்ன இசை அரங்குல சனிக்கிழமை ஒரு இண்டி பேண்டுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. தனியாத்தான் போறேன். ஏழு மணிக்குக் கதவு திறக்குமாம். அப்பவே போகணுமா? எங்க நிக்கலாம்?

பழைய கிட்டார்: ஏழுக்கே போயிடுங்க தம்பி. மொத்தமே 300 பேர்தான் கொள்ளும். முதல்ல வாசிக்கிற சின்ன பேண்டுகளைத் தவறவிடாதீங்க, எனக்கு அதுதான் சுவாரசியமே. 1993 மே மாசம், பின்னாடி பெரிய பேரு வாங்கின ஒயாசிஸ் ராக் பேண்டு இதே மேடையில துணை பேண்டாத்தான் வாசிச்சாங்க. அன்னைக்குக் கூட்டத்துல இருந்த ஆலன் மெக்கீ கேட்டுட்டு, தன்னோட கிரியேஷன் ரெக்கார்ட்ஸ்ங்கிற இசைத்தட்டுக் கம்பெனிக்கு அவங்களை இழுத்துக்கிட்டார். மாடிப்படியில வருஷவாரியா பேண்டு பேரு எழுதியிருக்கும். சீக்கிரம் போனா நின்னு படிக்கலாம்.

மழைக்கோட்டு: ஸ்பீக்கரை ஒட்டி நிக்காதீங்க, மறுநாள் வரைக்கும் காது ஙொய்ங்குனு இருக்கும். சவுண்ட் மிக்சருக்கு முன்னாடி நின்னா பாட்டு வரி தெளிவாக் கேக்கும். இயர்பிளக் கட்டாயம். பார்ல வயசுச் சான்று கேப்பாங்க. தடி ஜாக்கெட் போட்டுட்டுப் போனா உள்ள வெந்துடுவீங்க.

வைகைக்கரை: நன்றிண்ணா. டி-ஷர்ட் விக்கிற இடத்துல கார்டு எடுத்துக்குவாங்களா?

பழைய கிட்டார்: பெரும்பாலும் எடுப்பாங்க. கையில பத்து இருபது பவுண்டும் வெச்சுக்கோங்க.