கிளினிக்கல் சைக்காலஜி மாஸ்டர்ஸ்: வேலையை விட்டுவிட்டுப் போகலாமா?

செந்தூல்_பெண்:

அனைவருக்கும் வணக்கம். வயது 27, செந்தூலில் இருக்கிறேன். உளவியலில் பட்டம் முடித்து நான்கு வருடமாக பங்சாரில் எச்.ஆர். வேலை. சம்பளம் பரவாயில்லை, மனதுதான் ஒட்டவில்லை. பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் ஒரு மனநல மையத்துக்கு மூன்று மாதம் பயிற்சிக்குப் போனேன். அந்த நாள்கள்தான் இன்னும் நினைவில் இருக்கின்றன.

கிளினிக்கல் சைக்காலஜி, அதாவது மருத்துவ உளவியல், மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். அப்பா லோரி ஓட்டுகிறார். "டாக்டரும் இல்லை, மருந்தும் எழுத முடியாது, அப்புறம் கவுன்சலருக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பயிற்சி உண்மையில் எப்படி இருக்கும்? இன்னொன்று, நான் தமிழ் படித்தது தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு சரி. இப்போது வீட்டில் பேசுவதுதான். அது போதுமா?

ஆயர்_ஈத்தாம்_அக்கா:

தங்கச்சி, நான் பினாங்கில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மாஸ்டர்ஸ் படித்தது கோலாலம்பூரில். அப்பா கேட்டது நியாயமான கேள்வி, கோபப்படாதீர்கள்.

சைக்கியாட்ரிஸ்ட் முதலில் டாக்டர், அப்புறம்தான் மனநலத்தில் நிபுணர். மருந்து அவர் கையில். கவுன்சலர்கள் 1998-ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டத்தின் கீழ் பதிவு செய்கிறார்கள். நமக்கு 774-ஆவது சட்டம், 2016-இல் வந்தது, 2020 ஜூலை 1-இல் அமலானது. அதில் சொல்லியிருக்கும் 23 துணை மருத்துவத் தொழில்களில் நம்முடையதும் ஒன்று. பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. யூ.கே.எம்., ஹெல்ப் என்று சில பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும், அந்தப் பட்டத்தை வைத்துப் பதிவு செய்ய முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் காகிதத்தில் உள்ள வித்தியாசம். வேலையில் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல ஒரு தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அப்போது நான் பினாங்கில் பயிற்சியில் இருந்தேன். பாலிக் புலாவ் பக்கத்திலிருந்து எழுபது வயதுத் தாத்தாவை மகன் கூட்டி வந்தார். "எல்லாத்தையும் மறந்துடுறார், அடுப்பை அணைக்கறதில்ல, பேரப்பிள்ளை பேரு வாயில வரமாட்டேங்குது." ஞாபகசக்தியைச் சோதிக்கும் கேள்வித்தாளை எடுத்தேன். 1975-இல் அமெரிக்காவில் எழுதியது. என்ன வருடம், என்ன தேதி என்று வரிசையாகப் போகும். அதில் ஒரு கேள்வி, "இது என்ன பருவம்?" அங்கே நான்கு பருவம் உண்டு. பினாங்கில்?

தாத்தா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "டுரியான் முடியப்போவுது. ஆடி பொறக்கப்போவுது" என்றார். தேதி கேட்டேன், "தெரியலம்மா" என்றார். கிழமை கேட்டேன், அதற்கும் "தெரியலம்மா". தேதிக்கும் கிழமைக்கும் பூஜ்யம் போட்டேன். பருவத்துக்கு என்ன போடுவதென்று தெரியாமல் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி என்றால் இதுதான் தங்கச்சி. நீங்கள் ஒருவரிடம் பேசுவதை இன்னொருவர் பார்ப்பார், இல்லை பதிவு செய்து பிறகு கேட்பார். எந்த இடத்தில் அவசரப்பட்டீர்கள், எந்தக் கேள்வியைக் கேட்கப் பயந்தீர்கள் என்று நிமிடம் நிமிடமாகப் பேசுவார். முதல் சில மாதம் எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. பிறகு அந்த ஒரு மணி நேரத்துக்காகவே காத்திருக்க ஆரம்பித்தேன்.

அன்று அவர் கேட்டது இரண்டே கேள்விகள். "அவர் பருவத்தைச் சரியாகத்தானே சொன்னார்?" அடுத்தது, "தெரியலம்மா என்று சொல்வதற்கு முன் அவர் எவ்வளவு நேரம் யோசித்தார்?" பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். யோசிக்கவே இல்லை. கேட்டு முடிப்பதற்குள் "தெரியலம்மா" வந்துவிடுகிறது. மறதி வந்த பலர் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். இவர் முயற்சியே செய்யவில்லை.

உங்கள் தமிழைப் பற்றிக் கேட்டீர்கள். வீட்டுத் தமிழ் போதும், சொல்லப்போனால் அதுதான் வேண்டும். நம் ஆட்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு அடைக்குது", "ரொம்ப யோசனையா இருக்கு", "சோறு இறங்கல" என்றுதான் வருவார்கள். அது காதில் விழ வேண்டும். அப்புறம் அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ ரிப்போர்ட்டாக எழுதத் தெரிய வேண்டும். இரண்டு மணி நேரம் சோதனை செய்தால், மதிப்பெண் போட்டு எழுதி முடிக்க ஒரு நாள் போய்விடும். ஆய்வுக் கட்டுரை தனி. வேலை செய்துகொண்டே படிப்பது ரொம்பக் கஷ்டம், கையில் கொஞ்சம் சேமிப்போடு வாருங்கள்.

பாயான்_பாரு_அம்மா:

நான் படித்தவள் இல்லை, ஒரு தாயாகச் சொல்கிறேன். என் மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது பாடத்தில் பின்தங்கினான். ஓர் இடத்தில் முழுக்க ஆங்கிலத்தில் சோதித்து, அறிவுத்திறன் குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வருடம் அழுதேன்.

பிறகு வேறொரு சைக்காலஜிஸ்டிடம் போனோம். அவர் முதலில் என் மகனிடம், "மனசுக்குள்ள எந்த மொழியில எண்ணுவ?" என்று கேட்டார். அவன் "தமிழ்" என்றான். எண்களை ஒரு நொடிக்கு ஒன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைக்கும் சோதனை ஒன்று இருக்கிறது. வாயில் உச்சரிக்க நேரம் எடுக்கும் எண்களை மனதில் பிடித்து வைப்பது கடினம், அதனால் மொழி மாறினால் மதிப்பெண்ணும் மாறலாம் என்று அவர்தான் விளக்கினார். கடைசியில் அவனுக்கு எழுத்துக்கூட்டுவதில்தான் பிரச்சினை, டிஸ்லெக்சியா. இப்போது படிவம் இரண்டில் இருக்கிறான். நீ போய்ப் படி கண்ணு.

பட்டர்வொர்த்_சார்:

பள்ளிக் கவுன்சலராக இருக்கிறேன். மாணவர்களோடு தினமும் இருப்பது நாங்கள்தான், அதனால் எங்கள் வேலையைச் சின்னதாக நினைக்க வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளை கையைக் கீறிக்கொள்கிறது, காதில் குரல் கேட்கிறது என்றால் நான் அனுப்பி வைக்கத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

அந்தக் காலத்தில் பெற்றோர் வாயே திறக்க மாட்டார்கள். தற்கொலைக்கு முயன்றால் குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவில் தண்டனை இருந்ததால் போலீஸ் பயம். 2023-இல் அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். இருந்தாலும் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்களா சார்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். 1911-இல் கட்டிய மனநல ஆஸ்பத்திரி அது, இன்னமும் அந்த ஊர்ப் பேரே ஒரு திட்டு.

செந்தூல்_பெண்:

எல்லாருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அக்கா, அந்தத் தாத்தாவுக்கு அப்புறம் என்ன ஆனது?

ஆயர்_ஈத்தாம்_அக்கா:

அடுத்த முறை கேள்வித்தாளை மேசையில் எடுத்து வைக்கவே இல்லை. "டுரியான் இந்த வருஷம் எப்படி தாத்தா?" என்று கேட்டேன். வீட்டுக்குப் பின்னால் இரண்டு மரம் இருக்கிறதாம். "கெழவி இருந்தா பொறுக்குவா" என்றார். பாட்டி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மகன் அதை முதல் நாள் ஒரு வரியில் சொல்லியிருந்தார், நானும் ஒரு வரியில் எழுதி வைத்திருந்தேன்.

வயதானவர்களுக்கு மனச்சோர்வு சில நேரம் மறதி போலவே வெளியே தெரியும். இரண்டும் சேர்ந்தும் வரலாம், அதனால் டாக்டர் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்தார். மருந்து அவர் கொடுத்தார், வாராவாரம் உட்கார்ந்து பேசியது நான். ஐந்தாறு மாதம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்தோம். "தெரியலம்மா" இரண்டு இடத்தில்தான் வந்தது, அதுவும் யோசித்த பிறகு. பேரப்பிள்ளையின் பெயரைக் கேட்காமலே சொன்னார்.

இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். விண்ணப்பத்தில் எழுதும் கடிதத்தை அனுப்பும் முன் இங்கே எனக்குத் தனிச்செய்தியில் போடுங்கள், படித்துப் பார்க்கிறேன்.