7 மாதக் குழந்தைக்குக் கவனப் பயிற்சி: காசு கட்டலாமா?

உப்புவெளி அம்மா:
மூத்தவனுக்கு 8 வயது. போன வருடம்தான் ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமல், துறுதுறுவென்று அடங்காமல் இருக்கிற நிலை) என்று சொன்னார்கள். டொக்டர் அவனைப் பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க, பக்கத்தில் இருந்த இவர் “இதெல்லாம் என்னைப் பற்றித்தானே கேட்கிறீங்கள்” என்றார், பிறகு பார்த்தால் அவருக்கும் அதேதான். இப்போது மகளுக்கு 7 மாதம். கிலுகிலுப்பையைக் கொடுத்தால் மூன்று நொடி பார்ப்பாள், உடனே ஃபேன், பிறகு என் தோடு, பிறகு ஒன்றுமில்லாத சுவர். எனக்கு எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது. முகநூலில் ஒருவர் கைக்குழந்தைகளுக்கான கவனப் பயிற்சி ஆப் என்று விற்கிறார், மாதம் 4500 ரூபாய், லண்டனில் நிரூபித்ததாம். மாமி போனைக் காட்டிப் பிள்ளையின் கண்ணைக் கெடுக்காதே என்கிறா. இவரோ நான் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது, கட்டுவோம் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடற்காகம்:
அந்த லண்டன் ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது, விற்கிறவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். பெயர் இன்டர்ஸ்டார்ஸ், லண்டன் பல்கலைக்கழகத்தின் பேர்க்பெக் கல்லூரியில் குழந்தைகளை ஆராய்கிற பேபிலாப் ஆட்கள் செய்தது, முடிவு 2021இல் வந்தது. தாய் தகப்பனுக்கோ அண்ணன் அக்காவுக்கோ ஏடிஎச்டி உள்ள குழந்தைகள் 40 சொச்சம் பேர், ஒரு வயதை ஒட்டியவர்கள். வாரத்துக்கொரு தடவை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையின் கண் எங்கே போகிறது என்று பிடிக்கிற கருவியோடு ஒரு திரை, அதில் ஒரு வண்ணத்துப்பூச்சி. குழந்தை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரைதான் பூச்சி பறக்கும். ஓரத்தில் மரம், வீடு எல்லாம் ஓடும், கண் அந்தப் பக்கம் போனால் அவை மறைந்துவிடும், பூச்சியும் அப்படியே நின்றுவிடும். அதாவது பிள்ளையின் பார்வைதான் ரிமோட். இதே மாதிரிப் பயிற்சியில் 11 மாதக் குழந்தைகளின் கவனம் கூடியதாக 2011இல் ஒரு ஆய்வு வந்திருந்தது, அந்த நம்பிக்கையில்தான் இதைத் தொடங்கினார்கள். ஆனால் 2021 முடிவில், பயிற்சி எடுத்த பிள்ளைகளுக்கும் சும்மா வீடியோ பார்த்த பிள்ளைகளுக்கும் பயிற்சிக்கு வெளியே வைத்த சோதனைகளில் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. சின்ன ஆய்வுதான், அதனால் இந்த முறை ஒன்றுக்குமே உதவாது என்று அடித்துச் சொல்லவும் முடியாது. நிரூபித்தது என்பது மட்டும் பொய். விற்கிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பிள்ளை எங்கே பார்க்கிறாள் என்று உங்கள் ஆப்புக்குத் தெரியுமா? தெரியாது என்றால் நீங்கள் 4500 கொடுத்து வாங்குவது அந்தச் சும்மா வீடியோவைத்தான்.

கிண்ணியா வாப்பா:
தங்கச்சி, கட்டாதீங்க. என் மூத்த மகளுக்கு ஒரு வயசில் இப்படி ஒரு ‘மூளை வளர்ச்சி’ வீடியோ பெக்கேஜ் வாங்கினேன். ஆறு மாசத்தில் பிள்ளை படித்தது ஒன்றே ஒன்று, போனைக் கையிலிருந்து எடுத்தால் வீடு அதிரக் கத்துவது. சோறு ஊட்டவும் போன், தூங்கவும் போன் என்றாகி, அதை நிறுத்த நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது:
மகள், 7 மாதத்தில் எந்தப் பிள்ளைதான் ஒரே பொருளை உட்கார்ந்து பார்க்கும்? இந்த வயதில் ஏடிஎச்டி என்று யாரும் சொல்லவும் முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டியே 4 வயதிலிருந்துதான் பேசுகிறது, அதிலும் 6 வயதுக்குக் கீழ் என்றால் மருந்துக்கு முன், பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று தாய் தகப்பனுக்குத்தான் பயிற்சி. குடும்பத்தில் இருந்தால் வர வாய்ப்புக் கூட, அது உண்மை, ஆனால் எல்லாருக்கும் வருவதில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது, இந்த விஷயத்தில் உங்கள் மாமி சரி. கூப்பிட்டால் திரும்புகிறாளா, முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாளா, அதைப் பாருங்கள். இல்லையென்றால் காது, கண் சோதிக்க வேணும், அடுத்த கிளினிக்கில் பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் கொடுத்துக் கட்டாயம் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, நீங்கள் இரவில் தூங்குகிறீர்களா?

கடற்காகம்:
மேலே எழுத மறந்தது: 2016இல் அமெரிக்காவில் ஒரு வயதுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தலையில் கமெரா மாட்டி விளையாட விட்டுப் பார்த்தார்கள். பிள்ளை பார்க்கிற பொருளைப் பெரியவரும் பார்த்தால், அவர் கண்ணை எடுத்த பிறகும் பிள்ளை கொஞ்சம் கூடுதல் நேரம் அதையே பார்த்தது. அது ஏடிஎச்டியைத் தடுக்கும் என்று நான் சொல்லவரவில்லை. காசில்லாமல் செய்யக்கூடியது, அவ்வளவுதான்.

உப்புவெளி அம்மா:
எல்லாருக்கும் நன்றி. ஆப் விற்கிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன், ‘பிரீமியம்’ எடுத்தால் விளக்குவாராம். இன்று காலை கேற்றடியில் மான் ஒன்று வந்து பலாச்சக்கையைத் தின்றுகொண்டு நின்றது (திருமலையில், அதாவது திருகோணமலையில், இல்லாதவர்களுக்கு: இங்கே நாய் மாதிரி மானும் தெருவில் திரியும்). மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். மானின் காது ஆடுகிற பக்கமெல்லாம் அவள் தலையும் ஆடியது. மணி பார்க்கவில்லை, அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. இவருக்கும் விஷயம் விளங்கிவிட்டது, காசு கட்டவில்லை. தூக்கமா? மூத்தவன் படுக்கவே பதினொன்று, பிறகு சின்னவள் எழும்பிவிடுவாள். அவனுக்காக அந்தப் பெற்றோர் பயிற்சி, இங்கே திருமலையில் தமிழில் எங்காவது நடக்கிறதா?