மழை சீசன்ல பைக் கிளவுஸ் நாறுது, என்ன பண்ணலாம்?

தன்லுவின்தம்பி (மோல்மேன்)

அண்ணன்மாரே அக்காமாரே, கேக்கவே கூச்சமா இருக்கு, ஆனா கேட்டுத்தான் ஆகணும். என் பைக் கிளவுஸ் நாறுது. சும்மா வேர்வை வாடை இல்ல, ஙாப்பி (புளிக்க வெச்ச மீன் விழுது) சட்டிய மூடி தொறந்த மாதிரி அடிக்குது. பர்மாவுல மோல்மேன்ல இருந்து முடோன் பக்கம் தினம் போயிட்டு வர்றேன், ரப்பர் ஷீட் வாங்கி விக்கிற இடத்துல கணக்கு வேலை, போகும்போதும் மழை வரும்போதும் மழை. இந்த ஊரு மழைய பத்தி தெரியாதவங்களுக்கு சொல்றேன், வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல ஊத்துது, சென்னைல வருஷம் பூரா பெய்யிறதுல முக்காவாசிய இங்க ஜூலை ஒரே மாசத்துல பாத்துடலாம்.

கிளவுஸ் பாதி தோல் பாதி துணி. உள்ளங்கை பக்கம் ஆட்டுத்தோல், மேல மெஷ், உள்ள கருப்பு லைனிங். நல்ல விலை குடுத்து வாங்கினது, தூக்கிப்போட மனசு வரல. உள்ள சென்ட் அடிச்சு பாத்தேன், இப்ப ரெண்டு வாடையும் கைகோத்துக்கிட்டு வருது. அத வாசப்படி தாண்டி உள்ள கொண்டு வரக்கூடாதுன்னு வீட்டுல உத்தரவு. கழட்டிட்டு சோப்பு போட்டு கைய கழுவினாலும் சாப்பிட உக்காந்தா லேசா மூக்குக்கு வருது, கையால சோறு பிசையிறவனுக்கு இதவிட என்ன கொடுமை வேணும். வெயில்ல போடலாம்னா வெயில் எங்க இருக்கு, ஃபேனுக்கு கீழ போடலாம்னா கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். வாஷிங் பவுடர்ல ஊற வெச்சா தோல் கெட்டுடுமா? பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சா கிருமி செத்துடும்னு ஒருத்தர் சொன்னாரு, நெசமா?

தட்டோன்காரன்

தம்பி சாம்பிராணி போடு. எங்க அம்மா மழைக்காலத்துல துணிக்கெல்லாம் அப்படித்தான் போடுவாங்க. கரில தூள போட்டு மேல கூடைய கவுத்து அதுமேல கிளவுஸ வெச்சுடு. கோயில் மாதிரி மணக்கும்.

பழையதோல்

தட்டோன் அண்ணே கோச்சுக்காதீங்க, சாம்பிராணியும் சென்ட்டும் ஒண்ணுதான், மேல பூசுற வேலை. நான் கொஞ்ச காலம் ஆம்பூர்ல ஒரு தோல் பதப்படுத்துற டேனரில இருந்தேன், தோல் சாமான் எப்படி கெடும்னு பாத்தே பழகினவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கங்க.

மொதல்ல நாத்தம் எங்கருந்து வருதுன்னு பாருங்க. புது வேர்வைக்கு பெருசா வாடை கெடையாது. உள்ளங்கைல வேர்வை சுரப்பி மத்த எடத்தவிட ரொம்ப நெருக்கமா இருக்கு, ஒரு சதுர செண்டிமீட்டர்ல நூத்துக்கணக்குல, அந்த ஈரமும் கைல உதிர்ற செத்த தோலும் லைனிங்குக்குள்ள போய் ஒக்காந்துக்கும். நம்ம தோல் மேல எப்பவும் இருக்குற பாக்டீரியா அத தின்னு வெளிய விடுறதுதான் நாறுது. காலுறை நாத்தத்துக்கு காரணம்னு சொல்ற ஐசோவலெரிக் ஆசிட் இப்படி வர்றதுதான். ஆகமொத்தம் நாறுறது தோல் இல்ல தம்பி, லைனிங். வெளிய எவ்வளவு தொடச்சாலும் பிரயோஜனம் இல்ல, உள்ள கழுவணும், கழுவினத சீக்கிரம் காய வெக்கணும், அவ்வளவுதான் சூட்சுமம்.

ஃப்ரீசர் கதைய விடு. குளிர்ல பாக்டீரியா தூங்கும், பெரும்பாலும் சாகாது, வெளிய எடுத்து கைல மாட்டினா சூடு பட்டதும் எழுந்துக்கும். கரண்ட் இல்லாத ஊர்ல மீனுக்கு பக்கத்துல கிளவுஸ வெச்சா மீனும் போச்சு.

வாஷிங் பவுடர் வேண்டவே வேண்டாம். குரோம்ல பதப்படுத்துன தோல் கொஞ்சம் அமிலத்தன்மை பக்கம் நிக்கிற சாமான், பவுடர் காரம், அதுவும் கறைய எடுக்குற என்சைம் போட்ட பவுடர்னா தோல்ங்கிறதே புரோட்டீன்தானே, அதையும் பதம் பாக்கும். பதப்படுத்தும்போது கடைசில தோலுக்குள்ள எண்ணெய் ஏத்துவாங்க, அந்த எண்ணெய் இருக்குறவரைக்கும்தான் அது மெத்துன்னு மடங்கும். எண்ணெய் போயிட்டா காஞ்சதும் அப்பளம், விரல் மடக்குற எடத்துல வெடிச்சுடும். சமையல் சோடாவும் காரம்தான், தோல்ல தண்ணியோட கலந்து ஊத்தாத. ராத்திரி லைனிங்குக்குள்ள மட்டும் கொஞ்சம் தூவி காலைல நல்லா தட்டி எடுத்தா வாடை கொறையும், ஆனா அழுக்கு அங்கயேதான் இருக்கும்.

கழுவுறது இப்படி. கிளவுஸ கைல மாட்டிக்கோ. வெதுவெதுப்பான தண்ணி, குழந்தைங்களுக்கு போடுற ஷாம்பு கொஞ்சம், மாட்டுன கையோட கை கழுவுற மாதிரியே தேய், விரல் இடுக்கு, உள்ளங்கை, மணிக்கட்டு பட்டி எல்லாம். அப்புறம் கழட்டி உள்ள தண்ணி ஊத்தி ஒவ்வொரு விரலா அமுக்கி விடு. மொத தண்ணி கரிச்சட்டி கழுவுன தண்ணியா வரும், பயப்படாத, பாதி அழுக்கு பாதி லைனிங் சாயம். நுரை இல்லாம தெளிவா வர்றவரைக்கும் அலசு, சோப்பு உள்ள தங்கிடுச்சுன்னா அடுத்த மழைல கைக்குள்ள நுரை கட்டும், அரிக்கவும் செய்யும். நாத்தம் இன்னும் இருந்தா கடைல விக்கிற வெள்ளை வினிகர், அந்த 5 சதவீதம்தான், அதுல சரிக்கு சரி தண்ணி கலந்து லைனிங்குக்குள்ள ஊத்தி கொஞ்ச நேரம் விட்டு அலசிடு. வினிகர் வாடை காயக்காய போயிடும்.

முறுக்கி பிழியாத. துண்டுல சுத்தி அமுக்கு. அடுப்புகிட்ட, சைலென்சர்மேல, உச்சி வெயில்ல, எங்கயும் வெக்காத. முக்கால்வாசி காஞ்சதும் ஒரு தடவ கைல மாட்டி விரல மடக்கி நீட்டு, இல்லன்னா உள்ளங்கை கருவாடு மாதிரி வெறச்சுக்கும். முழுசா காஞ்சப்புறம் தோல் பகுதில மட்டும் லெதர் கிரீம் ஒரு பட்டாணி அளவு. தேங்காண்ணெய் தடவலாமான்னு யாராவது கேப்பீங்க, வேண்டாம், சிக்குபுடிக்கும், கொஞ்ச நாள்ல அதுவே காறல் வாடை அடிக்கும்.

வார்டுஅக்கா

பழையதோல் தம்பி நல்லா சொல்லியிருக்கு, நான் கையப் பத்தி மட்டும் சேத்து சொல்றேன், நாள் பூரா ரப்பர் கிளவுஸ் போடுற வேலை என்னுது.

வினிகர் ஊத்துன கிளவுஸ்லயோ அதே வாளிலயோ பிளீச் ஊத்திடாதீங்க, ரெண்டும் சேந்தா குளோரின் வாயு கிளம்பும், சின்ன பாத்ரூம்ல கதவ சாத்திக்கிட்டு பண்ணா நெஞ்ச புடிச்சுக்கிட்டு வருவீங்க. தனியா பிளீச் போட்டாலும் தோலும் தையல் நூலும் நஞ்சு போயிடும்.

கிளவுஸ் மாட்டுறதுக்கு முன்னாடி கைய கழுவி நல்லா தொடைங்க, யாருமே இத பண்றதில்ல. பெட்ரோல் போட்டுட்டு, மொஹிங்கா (மீன் கொழம்பு நூடுல்ஸ்) சாப்பிட்டுட்டு, லேசா கைலில தொடச்சிட்டு உடனே மாட்டுறீங்க, அப்புறம் கிளவுஸ திட்டுறீங்க. விரல் இடுக்குல தோல் வெள்ளையா ஊறி உரிஞ்சு அரிச்சா அது கிளவுஸ் பிரச்சனை மட்டும் இல்ல, பூஞ்சைக்காளானா இருக்கலாம். அரிப்புக்குன்னு கடைல குடுக்குற ஸ்டீராய்டு கலந்த களிம்ப தடவாதீங்க தம்பி, மொதல்ல அடங்குன மாதிரி காட்டும், அப்புறம் பரவும். டாக்டர்கிட்ட கைய காட்டுங்க. ஒருத்தர் கிளவுஸ இன்னொருத்தர் போடுறதும் வேண்டாம், அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி.

தன்லுவின்தம்பி

அக்கா மொஹிங்கா மேட்டர் எப்படி கண்டுபுடிச்சீங்க 🙏

பழையதோல் அண்ணே, சொன்ன மாதிரியே கழுவிட்டேன். வந்த தண்ணிய பாத்துட்டு பக்கத்து வீட்டு பாட்டி துணிக்கு சாயம் போடுறியான்னு கேட்டுச்சு. ஙாப்பி போயிடுச்சு, லேசா வினிகர் மட்டும் இருக்கு. ஆனா காயறதுதான் இழுக்குது, திண்ணைல தொங்கவிட்டா காத்தே ஈரமா இருக்கு, வெளிய காஞ்சாலும் விரல் நுனி உள்ள ஜில்லுன்னு இருக்கு. இப்படியே இருந்தா திரும்ப நாறும்தானே?

ரங்கூன்கோலி

நாறும். எங்க ரங்கூன்ல 2003-ல இருந்து பைக்குக்கு தடை, அதனால பைக் கிளவுஸ் எனக்கு தெரியாது, ஆனா கோல்கீப்பர் கிளவுஸ் நாத்தத்துல நான் பட்டம் வாங்குனவன். மழைல மேட்ச் ஆடிட்டு பைல போட்டு மறந்துட்டு அடுத்த வாரம் ஜிப்ப தொறந்தா டீம்ல பாதிப்பேர் அடுத்த பஸ்ஸுக்கு போயிடுவானுங்க. அதனால ஒரு சின்ன வித்தை கண்டுபுடிச்சேன், கரண்ட் வேண்டாம், பவர் பேங்க் போதும்.

யூஎஸ்பி மின்விசிறி சந்தைல கிடைக்கும்ல, இல்லன்னா பழைய கம்ப்யூட்டர்ல இருக்குற 5 வோல்ட் குட்டி ஃபேன். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில அடிய வெட்டி எடுத்துட்டு அந்த அகல வாய்ல ஃபேன வெச்சு சுத்தி டேப் போடு, காத்து கழுத்து வழியா வெளிய வரணும். கழுத்துல அரையடி தோட்டக் குழாய சொருகி கிளவுஸுக்குள்ள விரல் ஆரம்பிக்கிற எடம்வரைக்கும் விடு. மணிக்கட்டு பட்டிய இறுக்காத, காத்து திரும்பி வர வழி வேணும். சூடே இல்ல, வெறும் காத்து, ஆனா நிக்காம போகுது பாரு, அதுதான் வேலை செய்யுது. ஒரு ராத்திரிக்கு ஒண்ணு, கை மாத்தி கை. ஃபேன் போடுறதுக்கு முன்னாடி விரலுக்குள்ள டிஷ்யூ பேப்பர் திணிச்சு ரெண்டு மூணு தடவ மாத்துனா பாதி ஈரம் அதுலயே வந்துடும். நியூஸ்பேப்பர் திணிக்காத, மை ஒட்டும்.

தொங்கவிடும்போது விரல் மேல பாக்குற மாதிரி வெச்சா தண்ணி கீழ எறங்கி வாய் வழியா போகும். விரல் கீழ தொங்குனா எல்லா ஈரமும் நுனில போய் நிக்கும், உனக்கு ஜில்லுன்னு இருக்குறதுக்கு அதுதான் காரணமா இருக்கும்.

மேமியோகுளிர்

இங்க மேமியோல கதை வேற. மலை மேல இருக்கோம், டிசம்பர் ஜனவரி காலைல கை வெறச்சுடும், அதனால நாங்க போடுறது உள்ள மெம்பிரேன்னு ஒரு மெல்லிசு படலம் வெச்ச தண்ணி புகாத தடி கிளவுஸ். மேல இருக்குற யோசனைய அப்படியே இதுக்கும் பண்ணலாம், கழுவும்போது துணி மெதுவாக்குற கண்டிஷனர் மட்டும் ஊத்தாதீங்க, மெம்பிரேன் மூச்சு விடுறது அடைச்சுக்கும், வெளித்துணில தண்ணி உருண்டு ஓடுறதும் போயிடும். காயறதுக்கும் ரெட்டிப்பு நேரம், பஞ்சு இருக்குல்ல.

நான் இப்ப கிளவுஸ் கழுவுறதே அபூர்வம், காரணம் உள்ள ஒரு மெல்லிசு கிளவுஸ் போடுறேன். பாலியஸ்டர்ல கல்யாண வீட்டுல பரிமாறுறவங்க போடுற மாதிரி மெல்லிசா கிடைக்கும். வேர்வைய அது குடிச்சுக்கும், ரெண்டு மூணு ஜோடி வெச்சுக்கிட்டா தினம் ஒண்ண பனியனோட சேத்து தொவச்சு போட்டுடலாம், மழைநாள்லயும் ராத்திரிக்குள்ள காஞ்சுடும். காட்டன்ல வாங்காதீங்க, ஊறிக்கிட்டு கெடக்கும். கிளட்ச் லீவர் புடிக்கிறதுக்கு மொதல்ல கொஞ்சம் தடியா தெரியும், பழகிடும். கிளவுஸ் ஏற்கனவே இறுக்கமா இருந்தா இது ஒத்து வராது, விரல் மரத்துப்போகும், பிரேக் புடிக்க முடியலன்னா நாத்தத்தோடயே ஓட்டுங்க, உசுரு முக்கியம்.

இன்னொண்ணு, ஆபீஸ் போய் சேந்ததும் கிளவுஸ ஹெல்மெட்டுக்குள்ள திணிச்சு வெக்கிற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு. ஈரம் ரெண்டுக்கும் பரவி ஹெல்மெட் நுரையும் சேந்து நாறும். சீட்டுக்கு அடில இருக்குற பெட்டியும் அதே கதைதான். மழை படாத எடமா பாத்து கண்ணாடிக் கம்பில மாட்டி வைங்க, காத்து பட்டா போதும். திஞ்சான் தண்ணித் திருவிழா சமயத்துல இன்னும் மோசம், ரோட்டுல எவன் எந்த தண்ணிய ஊத்துறான்னே தெரியாது, அன்னிக்கு ராத்திரியே கழுவிடணும்.

பழையதோல்

மேமியோ அண்ணன் சொன்னதுதான் சரி, நானே அத மொதல்ல சொல்லியிருக்கலாம். தன்லுவின் தம்பி, மழை முடியுறவரைக்கும் தோல் கிளவுஸ பத்திரமா வெச்சுட்டு முழுத்துணில விலை கம்மியா ஒண்ணு போட்டா உன் ஆட்டுத்தோல் இன்னும் பல வருஷம் வரும், ஆனா விரல் கணுவுலயும் உள்ளங்கைலயும் பாதுகாப்பு இருக்கான்னு பாத்து வாங்கு. வெக்கும்போது பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெக்காத, பூஞ்சை பூத்துடும். துணிப்பைல போட்டு அடுப்புக்கரி நாலு துண்டு இன்னொரு துணில முடிஞ்சு கூட போடு, நம்ம ஊர்ல கரிக்கா பஞ்சம். வெள்ளையா பூத்திருந்தா வீட்டுக்கு வெளிய வெச்சு காஞ்ச துணியால தொடை, ஊதாத, தூள் மூஞ்சிலயே வரும்.

தன்லுவின்தம்பி

ஃபேன் பாட்டில் செஞ்சாச்சு, அருமையா வேலை செய்யுது, வீட்டுலயும் வாசப்படி தாண்ட அனுமதி கிடைச்சாச்சு. கடைசியா ஒரே ஒரு சந்தேகம். ஈரக்கையோட வெடுக்குன்னு இழுத்ததுல சுண்டுவிரல் லைனிங் வெளிய வந்துடுச்சு, திரும்ப உள்ள போகவே மாட்டேங்குது, விரல விட்டா பாதிலயே சுருண்டு நிக்குது.

பழையதோல்

முழுசா காய விடு மொதல்ல, ஈரத்துல தள்ளுனா நுனி தையல் அறுந்துடும். காஞ்சப்புறம் நூடுல்ஸ் சாப்பிடுற குச்சி இருக்குல்ல, அதோட மொட்டை முனைய லைனிங் விரலுக்குள்ள விட்டு நுனிவரைக்கும் தள்ளு. வெளிய இருந்து இன்னொரு கையால தோல் விரல் நுனிய குச்சியோட சேத்து இறுக்கி புடிச்சுக்கிட்டு குச்சிய மட்டும் மெதுவா உருவு. உள்ள கைய விடும்போது பவுடர் போட்டு காஞ்ச கையா விடு. திரும்பத் திரும்ப வெளிய வந்தா நுனில இருக்குற ரெண்டு தையலும் போச்சுன்னு அர்த்தம், செருப்பு தைக்கிறவர்கிட்ட குடு, நுனில ஒரு முடிச்சு போட்டு தருவாரு. மேமியோ அண்ணன் மாதிரி மெம்பிரேன் கிளவுஸா இருந்தா மட்டும் ஊசி வெக்க விடாத, ஓட்டை விழுந்து தண்ணி உள்ள வரும். இனிமே கழட்டும்போது மணிக்கட்ட புடிச்சு இழுக்காம ஒவ்வொரு விரல் நுனியா கொஞ்சம் கொஞ்சமா இழுத்து தளத்திட்டு கழட்டு.