ஒவ்வொரு வேலைக்கும் ரெஸ்யூமேயை மாற்றணுமா?

கணக்கு_மேசை:
விண்ணப்பத்துக்கு ஒரு ரெஸ்யூமே என்று மாற்றிக்கொண்டே இருக்கச் சொல்லும் அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்குப் பிரிவில் இத்தனை வருஷமாகச் செய்த வேலை ஒன்றுதான். அதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் ஒப்பனைதானே?

தேர்வுக்குழு_பக்கம்:
விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். செய்த வேலையை யாரும் மாற்றச் சொல்லவில்லை, எது முதலில் வரணும் என்பதைத்தான் மாற்றச் சொல்கிறோம். 1482 வாக்கில் லியொனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் எழுதினார். எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, கோட்டையைத் தகர்க்கும் வழி என்று போர் சங்கதிகளாகவே அடுக்குகிறார். ஓவியம் வரைவேன் என்பது கடைசியில்தான். கேட்பவரின் தேவை முன்னால் வந்தது, அவ்வளவுதான்.

கணக்கு_மேசை:
நல்ல உதாரணம் எடுத்தீர்கள்! அதுவரை அவர் படைப் பொறியாளராக வேலை பார்த்ததற்குச் சான்று உண்டா? நான் பயப்படுவதே இதற்குத்தான். விளம்பரத்தில் இருக்கிற திறமையெல்லாம் ரெஸ்யூமேயில் முளைத்துவிடுகிறது.

தேர்வுக்குழு_பக்கம்:
முளைத்தால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். செய்யாததை எழுதினால் அது பொய், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் செய்ததையே எழுதாமல் விடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை. ‘கணக்குப் பதிவுகளைக் கவனித்தேன்’ என்று ஒரு வரி வருகிறது. இதை வைத்து நான் என்ன முடிவெடுக்க? ‘மாதம் சுமார் 400 பில்களைச் சரிபார்த்தேன், மாதக் கணக்கை முடிக்க 8 நாள் ஆனது 5 நாளானது’ என்று எழுதினால் ஆள் கண்முன் நிற்கிறார்.

புது_வரவு:
அக்கா, எனக்கு அனுபவமே இல்லை. எண்ணுக்கு எங்கே போவேன்?

தேர்வுக்குழு_பக்கம்:
கல்லூரி ப்ராஜெக்டில் எத்தனை பேர், உன் பங்கு எது, முடிவில் என்ன வந்தது என்று எழுது தம்பி. எண் இல்லையென்றால் விட்டுவிடு, இட்டுக்கட்டாதே. பக்கத்தை இடது வலதாகப் பிரிக்கும் இரண்டு பத்தி டிசைன், திறமைக்கு நட்சத்திரம் போடுவதெல்லாம் வேண்டாம். விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் சிலவற்றில் பத்திகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிடிஎஃப்பில் இருப்பதை முழுக்க காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார். வரிசை குலையாமல் வந்தால் பெரும்பாலும் கவலை இல்லை.

கணக்கு_மேசை:
இதெல்லாம் ஒரே ரெஸ்யூமேயை ஒழுங்காக எழுதுவதற்கான வழிதானே, அம்மா? அதைத்தான் நானும் சொல்கிறேன்.

தேர்வுக்குழு_பக்கம்:
பாதி தூரம் வந்துவிட்டீர்கள் சார். எல்லாவற்றையும் விரிவாக எழுதிய மூலக் கோப்பு ஒன்று கையில் இருக்கட்டும். தணிக்கை வேலைக்கு அதிலிருந்து தணிக்கை வரிகள் மேலே வரணும், சம்பளப் பட்டியல் வேலைக்கு அந்த வரிகள். அரை மணி நேரம் போதும்.

கணக்கு_மேசை:
வரிசை மாற்றுவது வரைக்கும் சரி. விளம்பரத்தின் வார்த்தையையே திருப்பி எழுதச் சொன்னால் அதற்கு நான் ஆளில்லை.

தேர்வுக்குழு_பக்கம்:
அவர்கள் ‘வங்கிக் கணக்கு ஒப்பீடு’ என்று கேட்டு, நீங்கள் மூன்று வருஷம் அதையே செய்திருந்தால், அந்தப் பெயரிலேயே எழுதுவதில் என்ன குறை சார்?